பதினாறு நட்டு, ஒரு சாவி

அவர் கடையில் வண்டியை விட்டால் முதலில் ஒரு தகரத் தட்டு வெளியே வரும். கவிழ்த்துப் போட்ட டிரம்மின் மேல் அதை வைத்துத் துணியால் ஒருமுறை துடைப்பார். அதற்குப் பிறகுதான் ஸ்பானரைக் கையில் எடுப்பார். கழற்றுகிற நட்டு ஒவ்வொன்றும் அந்தத் தட்டில் விழும், விழும்போதே எண்ணுவார். "ஒண்ணு. ரெண்டு. மூணு." சத்தமாக இல்லை, வண்டிக்காரர் காதில் விழுகிற அளவுக்கு. திரும்ப மாட்டும்போதும் அதே எண்ணிக்கை. எல்லாம் முடிந்ததும், "பாத்துக்கினீங்களா சார்?" என்று கேட்பார். நாம் தலையாட்டிய பிறகுதான் வண்டிச் சாவி நம் கைக்கு வரும்.

எனக்கு அது பெரிய இம்சையாக இருந்தது. முதல் ஷிப்ட் முடிந்து பசியோடு வந்து நிற்பவனிடம் நட்டு எண்ணிக் காட்டினால் எரிச்சல் வராதா? "நட்டை வச்சு நீ என்ன நகையா செய்யப் போற, மாட்டி விடுப்பா" என்பேன். அவர் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நான் அவரை நீ, வா, போ என்றுதான் பேசினேன். அவர் என்னை ஒருநாளும் சார் போடாமல் கூப்பிட்டதில்லை. ஒரு தை மாதம் வரை. அதைப் பிறகு சொல்கிறேன்.

நெய்வேலி டவுன்ஷிப்பின் நுழைவு வளைவுக்கு வெளியே, மந்தாரக்குப்பம் போகும் சாலையில், ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் அவருடைய பஞ்சர் கடை. காற்று பிடிக்கும் மெஷின், டியூபை முக்கிப் பார்க்க ஒரு தண்ணீர்த் தொட்டி, நாலு ஜாக்கி, அந்தத் தட்டு. பக்கத்தில் டீக்கடை. டவுன்ஷிப்பில் கார் வைத்திருந்த பெர்மனென்ட் ஆட்கள் பாதிப் பேர் அங்கேதான் வண்டியை விட்டோம். சாவியைக் கொடுத்துவிட்டு ஷிப்டுக்கே போய்விடுவோம். சீட்டில் பர்ஸ் கிடந்தாலும் கவலை கிடையாது.

டயரிலிருந்து பிடுங்கிய ஆணியைக்கூடக் காகிதத்தில் மடித்து நம் கையில் கொடுக்கிற ஆள் அவர்.

"இத வச்சு நான் என்ன வீடா கட்டப் போறேன்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"உங்க டயர்ல இருந்தது உங்களுது சார். எங்கடையில கெடந்தா என்னுதுன்னு ஆயிடும்."

ஒரு டாக்டரம்மாவின் காரில் ஸ்டெப்னியை எடுக்கப் போனவர், டிக்கி ஓரத்தில் ஒரு குழந்தையின் கொலுசைப் பார்த்திருக்கிறார். வேலையை அப்படியே போட்டுவிட்டு, வெயிலில் சைக்கிள் மிதித்து அந்த அம்மாவின் குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டார். கொடுத்ததோடு விடவில்லை. "முத்து பதினாலு இருக்குது, எண்ணிக்குங்கம்மா" என்று வாசலிலேயே நின்றாராம். அந்தம்மா சிரித்துக்கொண்டே எண்ணினாராம். இதை டீக்கடையில் நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவரும் கூடச் சிரிப்பார், ஆனால் அடுத்த வண்டிக்குத் தட்டைத் துடைப்பதை விடமாட்டார்.

இந்த எண்ணுகிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அதுதான் வினை.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம். டீக்கடை சாத்தியிருந்தது. மழை விடட்டும் என்று அவருடைய தார்ப்பாயின் கீழ் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். சும்மா இருக்க முடியாமல் நான்தான் கேட்டேன்.

"அது பெரிய கதை சார்" என்றார். தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைக் கோலால் தள்ளிவிட்டு அவராகவே சொன்னார்.

அவருக்குக் கம்மாபுரம் பக்கம். வயசுக் காலத்தில் ஒரு காண்ட்ராக்டரிடம் கூலி வேலை பார்த்திருக்கிறார். ஷெட்டில் பாரம் தூக்குகிற செயின் பிளாக் ஒன்று காணாமல் போயிருக்கிறது. கடைசியாக அதைத் தொட்டவர் இவர். "எடுத்த எடத்துல வச்சேன்னு சொன்னேன் சார். எவன் பாத்தான்னு கேட்டாங்க. யாரும் பாக்கல. அவ்ளோதான், எல்லாரையும் நிக்க வச்சு என்ன மட்டும் வெளிய போன்னாங்க." பத்து நாள் கழித்து அது வேறொரு லாரியின் அடியில் கிடந்திருக்கிறது. காண்ட்ராக்டர் ஆள் விட்டுக் கூப்பிட்டிருக்கிறார்.

"போனியா?"

"போவல சார். வெளிய போன்னது அம்மாம் பேரு எதுர்ல. திரும்பி வாடான்னது எங்க வூட்டு வாசல்ல, ரகசியமா. அப்பிடி எப்பிடி சார் போறது?"

மழை விட்டது. எழுந்து ஜாக்கியை எடுத்தவர், "இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, எம் பொண்டாட்டிகிட்டகூட. மனசோட வச்சிக்குங்க" என்றார். "சேச்சே, நான் ஏன் சொல்லப் போறேன்" என்றேன்.

அதற்கு அடுத்த வருடம், இருந்த காரைக் கொடுத்துவிட்டுப் பாண்டிச்சேரியில் வேறொரு பழைய கார் வாங்கினேன். முதல் சொந்தக்காரர் ஆசைப்பட்டு அலாய் வீல் போட்டிருந்தார். அதைத் திருடாமல் இருக்க வீலுக்கு ஒரு லாக் நட்டும் இருந்தது. ஒரு வீலுக்கு நாலு நட்டு என்றால் மூன்று சாதாரணம், ஒன்று மட்டும் பூட்டு. அதன் முகத்தில் ஆறு பட்டை இருக்காது, பூ மாதிரி வளைவு வளைவாக வெட்டியிருக்கும். அதில் எந்த ஸ்பானரும் உட்காராது. கட்டைவிரல் அளவுக்கு ஒரு இரும்புக் குமிழ் உண்டு, அதுதான் சாவி. அதை நட்டில் பொருத்தி, அதன்மேல் ஸ்பானரைப் போட்டால்தான் திருகும். வண்டி முழுக்கப் பதினாறு நட்டு, நாலு பூட்டு, ஒரே ஒரு சாவி.

அவர் அந்தக் குமிழை உருட்டி உருட்டிப் பார்த்தார். "திருடனுக்காகப் போட்ட பூட்டு சார் இது. சாவி தொலஞ்சிதுன்னா சொந்தக்காரனே திருடன் மாதிரி ஒடச்சிதான் எடுக்கணும். பத்தரமா வச்சிக்குங்க."

ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்பு நாலு டயரும் புதிதாகப் போட்டேன். அன்றும் தட்டு வந்தது. முடிந்ததும் அவர் என் எதிரில் நின்று, "நட்டு பதினாறு மாட்டியாச்சு. லாக் சாவி ஒண்ணு, இதோ டிக்கியில வைக்கிறேன். பாத்துக்கினீங்களா சார்?" என்றார். நான் போனில் இருந்தேன். அவர் பக்கம் திரும்பாமல் கையை மட்டும் ஆட்டினேன்.

தை மாதம். மேல்பட்டாம்பாக்கத்தில் என் மச்சினர் மகளுக்கு நிச்சயதார்த்தம். என் மனைவிக்கு அதுதான் பிறந்த ஊர். சென்னையிலிருந்து அவள் தங்கையும் தங்கை புருஷனும் முதல்நாளே வந்து எங்கள் குவார்ட்டர்ஸில் தங்கியிருந்தார்கள். என் சகலை பெரிய கம்பெனியில் மேனேஜர். அவர் எதிரில் என் பழைய காரை ஓட்டிக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. காலையில் கிளம்பி வளைவைத் தாண்டியதும் முன்டயர் உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, அந்தப் பஞ்சர் கடை பக்கத்திலேயே இருந்தது. பட்டுப்புடவையோடு நின்ற பெண்கள் இருவரையும் கடலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம்.

டிக்கியைத் திறந்தேன். ஜாக்கி இருந்தது, ஸ்பானர் இருந்தது. சாவி இல்லை. பாயைத் தூக்கிப் பார்த்தேன், சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினேன். வேட்டியெல்லாம் அழுக்கு.

"என்ன பாஸ், சாவியத் தொலச்சிட்டீங்களா?" என்றார் சகலை. வாயோரம் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

"நான் தொலைக்கல. இங்க டயர் மாத்தினப்ப இருந்தது. அதுக்கப்புறம் இந்த டிக்கியத் தொட்டதே கிடையாது" என்றேன். அதைச் சொல்லும்போது நான் அதை நம்பவும் செய்தேன்.

"அப்ப இவங்கிட்டதான் இருக்கும். மெட்ராஸ்ல இது சகஜம். சாவிய அமுக்கிக்குவானுங்க, அப்புறம் வீலோட போயிடும்."

பஞ்சர்காரர் எழுந்து வந்தார். "நான் எண்ணிக் குடுத்தேனே சார். டிக்கியில வச்சிட்டு உங்ககிட்ட சொன்னேன். நீங்க போன்ல பேசிக்கினு இருந்தீங்க, கைய ஆட்டினீங்க."

டீக்கடையில் நாலைந்து பேர் கிளாஸோடு திரும்பிப் பார்த்தார்கள். எல்லாம் டவுன்ஷிப்பில் எங்கள் வட்டத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள், என்னோடு வேலை பார்ப்பவர்கள். அவர் சொன்னது உண்மை என்றால் தொலைத்தது நான். சகலை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொன்னேன்: "அந்தக் காண்ட்ராக்டர் ஷெட்லயும் இதே கதையத்தான சொன்ன? வச்சேன், வச்சேன்னு. வெளிய தள்ளினது சும்மாவா?"

இதை எழுதும்போதுகூடக் கை கூசுகிறது. அவர் என்னிடம் மட்டும் சொன்னதை, அவர் தினமும் சோறு தின்கிற இடத்தில் வைத்து, நாலு பேர் கேட்கச் சொன்னேன். அந்த செயின் பிளாக் பிறகு கிடைத்தது என்பதையும் நான் சொல்லவில்லை.

"என்ன ஷெட்டு?" என்று டீக்கடையிலிருந்து ஒருவர் கேட்டார். பஞ்சர்காரரின் முகமே பதில் சொல்லிவிட்டது. நான் பேசியதை அவர் மறுக்கவில்லை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். உள்ளே போய்த் தட்டை எடுத்து வந்தார். துடைத்தார். டிரம்மின் மேல் வைத்தார்.

நட்டின் தலையில் கவிழ்த்து மாட்டுகிற பழைய சாக்கெட் ஒன்றைத் தேடி எடுத்தார். நட்டைவிட ஒரு நூல் சின்னது. அதைப் பூட்டின் தலையில் வைத்துச் சம்மட்டியால் அடித்து அடித்து ஏற்றினார். இரும்பை இரும்பு கவ்வியதும் நீளமான ஒரு பைப்பை மாட்டி, மொத்த உடம்பையும் அதன்மேல் போட்டார். கதவு முறிகிற மாதிரி ஒரு சத்தத்தோடு அது அசைந்தது. சாக்கெட்டும் நட்டும் ஒன்றாகக் கழன்று வந்தன. வைஸில் பிடித்து நட்டைத் தட்டி எடுத்துத் தட்டில் போட்டார்.

"ஒண்ணு."

ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். சகலை விடவில்லை. "நாலையும் எடுக்கச் சொல்லுங்க. சாவி இவங்கிட்ட இருக்கு, நாளைக்கே வந்து கழட்டிடுவான். கடலூர்ல வேற பூட்டு வாங்கிப் போட்டுக்கலாம்." பஞ்சர்காரர் காதுபடத்தான் சொன்னார். நான் "நாலையும் எடுத்துடு" என்றேன். தான் திருடிவிடக் கூடாது என்பதற்காக அவரே தன் கையால் மற்ற மூன்றையும் உடைக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது சீக்கிரம் வந்தது. மூன்றாவதில் நட்டின் தலைமேல் இருந்த வளையம் மட்டும் சுற்றியது, நட்டு அசையவில்லை. உளி வைத்து வளையத்தைப் பிளந்தார். கை வழுக்கி விரல் முட்டி உரிந்து ரத்தம் வந்தது. பஞ்சுக் கழிவில் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார். இரண்டு மணி நேரம் நாங்கள் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். டீக்கடையில் ஆள் மாறி மாறி வந்தது. வந்தவர்களுக்கெல்லாம் இருந்தவர்கள் விஷயத்தைச் சொன்னார்கள்.

பூட்டு இருந்த இடங்களில் தன்னிடமிருந்த சாதாரண நட்டுகளைப் போட்டார். சிதைந்த நாலையும் காகிதத்தில் மடித்து என் கையில் கொடுத்தார்.

"லாக் நட்டு நாலு. பாத்துக்கினீங்களா?"

சார் இல்லை. நான் தலையாட்டினேன்.

நிச்சயதார்த்தப் பந்தியில் சகலை இந்தக் கதையை நன்றாகவே சொன்னார். அவர் சொன்னதில் நான் கெட்டிக்காரன், பஞ்சர்காரனை மடக்கிப் பிடித்தவன். எல்லோரும் என்னை மெச்சினார்கள். நான் இன்னொரு ஜாங்கிரி போட்டுக்கொண்டேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு என் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. டீக்கடையில் விழுந்தது டவுன்ஷிப்பின் அத்தனை வட்டத்துக்கும் போய்விட்டது. ஒருநாள் கேன்டீனில் பக்கத்து செக்‌ஷன்காரர் என்னிடமே சொன்னார்: "அந்த வளைவுக்கிட்ட வண்டிய விடாதீங்க. சாவியெல்லாம் காணாமப் போகுதாம். அந்தாளு பழைய கேஸாம்." என்னைப் பற்றியே சொல்லுகிற மாதிரி இருந்தது. "அப்படியா" என்றேன்.

மறு வருட ஆயுத பூஜை. எங்கள் டவுன்ஷிப்பில் அது தீபாவளியைவிடப் பெரிசு. மைன்ஸில் பெரிய மெஷின்களுக்கே மாலை போடுவோம். வீட்டிலும் ஹெல்மெட்டிலிருந்து சைக்கிள் பம்ப் வரை துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி எதிரில் அடுக்குவோம். பூஜைக்கு மட்டும் எடுக்கிற பெரிய குத்துவிளக்கு பரணில் ஒரு பெட்டியில் தனித்தனிப் பாகமாகக் கிடக்கும். நான் ஸ்டூலில் ஏறி இறக்கினேன். என் மனைவி கீழே உட்கார்ந்து பாகங்களைத் துணியிலிருந்து பிரித்து ஒன்றோடொன்று திருகினாள்.

"இது எங்கங்க மாட்றது? வெளக்கோடது இல்ல போலக்குதே."

அவள் உள்ளங்கையில் அந்த இரும்புக் குமிழ். பூ வெட்டுக்குள் போன வருடத்துக் குங்குமம் காய்ந்து ஒட்டியிருந்தது.

ஸ்டூலில் நின்றபடியே பார்த்தேன். எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. கார் வாங்கிய புதுசு என்ற பெருமையில் டிக்கியில் இருந்த அத்தனையையும் நான்தான் அள்ளி வந்து பூஜையில் வைத்தேன். மறுநாள் ஜாக்கியையும் ஸ்பானரையும் எடுத்துக்கொண்டு போனவன் இதை விட்டுவிட்டேன். விளக்கின் துண்டு என்று நினைத்து இவள் விளக்கோடு கட்டி வைத்திருக்கிறாள்.

விஷயம் புரிந்ததும் அவள் விளக்கைக் கீழே வைத்துவிட்டாள். "நம்ம வூட்டு சாமிகிட்ட வச்சிக்கினு அந்த மனுசனப் போயி திருடன்னீங்களா? மொதல்ல போயி சொல்லிட்டு வாங்க. எல்லாருக்கும் சொல்லுங்க."

நாலு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஐந்தாம் நாள் போனேன். மத்தியானம் மூன்று மணிக்கு. ஷிப்ட் பஸ்கள் எல்லாம் போன பிறகு, டீக்கடை காலியாக இருக்கிற நேரம் அதுதான் என்று எனக்குத் தெரியும். அவர் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். கடையில் ஒரு கார்கூட இல்லை, இரண்டு சைக்கிள் டியூப் மட்டும் தொங்கியது.

"வீட்லதான் இருந்தது. பூஜையில வச்சு மறந்துட்டேன். தப்பு என்மேலதான், மன்னிச்சிருங்க" என்றேன். முதல் தடவையாக அவருக்கு 'ங்க' போட்டேன்.

ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டுச் சாவியை வாங்கிப் பார்த்தார். குங்குமத்தை நகத்தால் சுரண்டினார். தெருவின் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்தார்.

"அன்னைக்கு நாலு பேரு இருந்தாங்க. இன்னைக்கு யாரும் இல்லாத நேரமா பாத்து வந்திருக்கீங்க" என்றார்.

"எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். கண்டிப்பா."

"சொல்லுங்க."

பிறகு என் கையைப் பிடித்து விரித்து, நடுவில் அதை வைத்தார். "சாவி ஒண்ணு. பாத்துக்கினீங்களா?"

அன்றுதான் நான் உண்மையாகவே பார்த்தேன்.

மறுநாள் டீக்கடைக்குப் போனேன். அன்று இருந்தவர்களில் மூன்று பேர் இருந்தார்கள். அவர் பத்தடி தள்ளி ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தார். நான் தொண்டையைச் செருமினேன். "என்ன சார்?" என்றார் ஒருவர். "ஒண்ணுமில்ல, டீயில சர்க்கர கம்மி" என்றேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் டியூபை முக்குவது நின்றிருந்தது.

அடுத்த வாரம் சொல்லலாம், சம்பள நாளில் எல்லோரும் இருப்பார்கள், அன்று சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் மரத்தடியில் தண்ணீர்த் தொட்டி இருந்த இடம் மட்டும் வட்டமாகத் தெரிந்தது. குறிஞ்சிப்பாடி ரோட்டில் கடை போட்டிருப்பதாகச் சொன்னார்கள். ஒருமுறை பஸ்ஸிலிருந்து பார்த்தேன். அவர் ஒரு வண்டிக்காரர் எதிரில் தட்டோடு நின்று எண்ணிக்கொண்டிருந்தார். நான் சீட்டில் சரிந்து உட்கார்ந்துகொண்டேன்.

ஆறு வருடம் ஆயிற்று. குடும்பத்தில் விசேஷம் என்று நாலு பேர் கூடினால் சகலை அந்தக் கதையைச் சொல்லாமல் விட்டதில்லை. நானும் ஒவ்வொரு முறையும் சிரித்து வைப்பேன். என் மனைவி எழுந்து வேறு பக்கம் போய்விடுவாள்.

இந்த ஆவணியில் அதே மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் சகலை எனக்கு எதிரில். "எங்க சகலை ஒரு பஞ்சர்காரனப் புடிச்சாரு பாருங்க" என்று ஆரம்பித்தார். என் மனைவி சாம்பார் வாளியோடு வந்தவள் அப்படியே நின்றாள். வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"அந்தாளு எடுக்கல தம்பி. சாவி எங்க வூட்டுப் பரண்ல, குத்துவெளக்கோட இருந்துச்சு. இவரேதான் பூஜையில வச்சிட்டு மறந்துட்டாரு."

ஆறு வருடமாக நான் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான். இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

சகலை ஒரு கணம் விழித்தார். பிறகு ஓவென்று சிரித்தார். "அட, சாமிகிட்டயே பூட்டி வச்சிட்டீங்களா!" என்று என்னைப் பார்த்துக் கையைத் தட்டினார். வரிசை முழுக்கச் சிரித்தது. யாரோ, "அதான பாத்தேன், இவரு வேட்டிய எங்க வச்சேன்னே தேடற ஆளு" என்றார்கள். இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள். பாயசம் வந்தது. பேச்சு மாப்பிள்ளை வேலைக்கு மாறிவிட்டது. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பஞ்சர்காரர் என்ன ஆனார் என்றும் யாரும் கேட்கவில்லை.

இவ்வளவுதான். அரை நிமிடம்கூட இருக்காது அந்தச் சிரிப்பு. அதைக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான், ஆணியைக்கூட வைத்துக்கொள்ளாத ஒரு மனிதரை ஆறு வருடம் திருடனாக விட்டு வைத்திருந்தேன்.